இஞ்சின் கடைசியில் வரட்டும்

மாவட்ட அளவில் செஸ் போட்டி நடக்கும் எந்தக் கல்யாண மண்டபத்திலும் இதைப் பார்க்கலாம். ஆட்டம் முடிந்து, இருவரும் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டு வெளியே வருவார்கள். அடுத்த நிமிடம் அப்பாவின் செல்பேசி பிள்ளையின் கைக்கு மாறும். நகர்த்தல்களை ஏற்றிப் பொத்தானை அழுத்தினால் போதும். மலையும் பள்ளமுமாக ஒரு வரைபடம், சிவப்பில் கேள்விக்குறிகள், துல்லியம் இத்தனை சதவீதம் என்று ஒரு மதிப்பெண். "இருபத்தேழாவது மூவ்ல பிளண்டர் பண்ணிட்டே" என்பார் அப்பா. பிள்ளை தலையாட்டும். அந்த ஆட்டத்தின் பாடம் அத்தோடு முடிந்துவிடும், எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். காஞ்சிபுரம் போன்ற ஊரில் செஸ் சொல்லிக்கொடுப்பதைத் தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. மென்பொருளே வேண்டாம் என்று வாதாட எனக்கு விருப்பமில்லை. இந்தத் தொழிலில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னால் நம்பவும் ஆளிருக்காது. நான் சொல்வது அதற்குரிய இடத்தைப் பற்றி மட்டுமே. சொந்த ஆட்டத்தை ஆராயும் வேலையில் இஞ்சின் என்ற அந்த மென்பொருள் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியது. முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால், அந்த ஆட்டம் கற்றுத்தர வைத்திருந்ததில் பெரும்பகுதி நம் கண்ணில் படாமலே போய்விடும்.

முதலில் திரையில் தெரியும் அந்த எண்ணைப் பார்ப்போம். +1.5 என்றால் வெள்ளைக்கு ஒன்றரைச் சிப்பாய் அளவுக்கு அனுகூலம் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்திருக்கிறோம். ஒரு காலத்தில் அது ஏறக்குறையச் சரியாகவும் இருந்தது. யானைக்கு ஐந்து, குதிரைக்கும் பிஷப்புக்கும் மும்மூன்று என்று கூட்டி, ராஜாவின் பாதுகாப்புக்கும் சிப்பாய்களின் அமைப்புக்கும் கொஞ்சம் சேர்த்தும் கழித்தும் பழைய இஞ்சின்கள் கணக்குப் போட்டன. 2008-இல் வெளிவந்த ஸ்டாக்ஃபிஷ் என்ற இஞ்சின், 2020-இல் நியூரல் நெட்வொர்க்கைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதன் பிறகு மனிதர் எழுதிவைத்த அந்தக் கணக்கு மெல்ல ஓரங்கட்டப்பட்டது. 2022 டிசம்பரில் வந்த 15.1 பதிப்பிலிருந்து எண்ணின் பொருளே மாறிவிட்டது. இப்போது +1.00 என்றால், அந்த நிலையிலிருந்து ஸ்டாக்ஃபிஷ் தன்னோடு தானே ஆடினால் வெள்ளை ஜெயிக்க ஐம்பது சதவீத வாய்ப்பு என்று அர்த்தம். அதாவது அது இரண்டு இஞ்சின்களைப் பற்றிய ஆரூடம். மனிதர் எட்டிய மிக உயர்ந்த ரேட்டிங் 2014-இல் மாக்னஸ் கார்ல்சன் தொட்ட 2882. இஞ்சின்களுக்கென்று தனியாக வைத்திருக்கும் பட்டியல்களில் ஸ்டாக்ஃபிஷ் 3500-க்கும் மேலே நிற்கிறது. லிச்செஸ் தளம் இந்த எண்ணை வெற்றி வாய்ப்புச் சதவீதமாக மாற்றிக் காட்டுகிறதே என்று கேட்கலாம். அந்த மாற்றத்துக்கான சூத்திரம் 2300 ரேட்டிங் உள்ளவர்கள் ஆடிய ஆட்டங்களிலிருந்து எடுக்கப்பட்டது. 2024 மார்ச்சில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே தன் ரேட்டிங்கின் அடிமட்டத்தை 1000-லிருந்து 1400-க்கு உயர்த்தியது. நம் ஊர்ப் பிள்ளைகளில் ரேட்டிங் வாங்கியவர்கள் பலர் அந்த 1400-க்குச் சற்று மேலேதான் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆட்டத்தில் +0.8 எந்தப் பக்கமும் சாயும். துல்லியச் சதவீதத்தின் கதை இன்னும் வேடிக்கை. எதிராளி எட்டாவது நகர்த்தலில் ராணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் அதன்பின் யார் ஆடினாலும் 95 சதவீதம் வரும். அந்தப் படம் அன்று சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுக்கள் எல்லாவற்றையும் சுற்றி வந்துவிடும்.

எண்ணை விடப் பெரிய சிக்கல் சிவப்பு அடையாளங்களில் இருக்கிறது. ஒரே நகர்த்தலில் வெற்றி வாய்ப்பு குறிப்பிட்ட அளவுக்கு மேல் சரிந்தால்தான் இஞ்சின் அதைத் தவறு என்று குறிக்கும். தோல்விகளில் பாதி அப்படி ஒரே அடியில் வருவதில்லை. வகுப்பில் அடிக்கடி பார்க்கும் ஒரு வகை ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளைக்கு டி4-இல் தனித்த சிப்பாய். துணைக்குப் பக்கத்தில் வேறு சிப்பாய் இல்லை. பலகையில் காய்கள் நிறைய இருக்கும்வரை அந்தச் சிப்பாய் பலம். இ5, சி5 கட்டங்களைப் பிடித்துக்கொண்டு வெள்ளையின் காய்களுக்கு இடம் தரும். காய்கள் குறையக் குறைய அதுவே சுமையாகிவிடும். இந்த அமைப்பில் ஆடும் பையன் பதினான்காம் நகர்த்தலில் ஒரு ஜோடிக் குதிரையை மாற்றுகிறான். பதினேழில் பிஷப்புகள், இருபத்திரண்டில் ராணிகள் போகின்றன. ஒவ்வொரு முறையும் எண் 0.2, 0.3 என்றுதான் இறங்குகிறது. சிவப்பு எதுவும் தெரியாது, அவன் கண்ணுக்கு எல்லாம் நல்ல நகர்த்தல்களே. முப்பத்து நான்கில் டி4 சிப்பாயைக் காப்பாற்றப் போய் யானையை இழக்கிறான். அங்கே இரண்டு கேள்விக்குறிகள் விழுகின்றன. இஞ்சின் விரல் வைப்பது முப்பத்து நான்கில். ஆட்டம் கைமாறியதோ பதினான்கிலிருந்து இருபத்திரண்டுக்குள். இன்னும் சரியாகச் சொன்னால், 'மாற்றிவிட்டால் நிம்மதி' என்ற அவன் பழக்கத்தில். அந்தப் பழக்கம் அடுத்த ஆட்டத்திலும் வரும், அதற்கடுத்த ஆட்டத்திலும் வரும். முப்பத்து நான்காம் நகர்த்தலின் சரியான விடையை மனப்பாடம் செய்து பயனில்லை. அதே நிலை மறுபடி அவன் பலகைக்கு வரப்போவதில்லை.

கடிகாரமும் இஞ்சினுக்குத் தெரியாது. இணையத்தில் ஆடிய ஆட்டமானால் நேரம் தானாகப் பதிவாகிவிடும். மண்டபத்தில் ஆடியதைப் பிறகு தட்டச்சு செய்து ஏற்றும்போது நகர்த்தல்கள் மட்டுமே போகின்றன. ஸ்கோர் ஷீட்டில் நகர்த்தலோடு கடிகாரத்தில் மீதமிருக்கும் நேரத்தையும் எழுதிக்கொள்ள ஃபிடே விதிகள் இடம் தருகின்றன. நம் பிள்ளைகளில் அதைச் செய்பவர்கள் குறைவு. செய்கிறவர்களின் தாளை வாங்கிப் பார்த்தால், மோசமான நகர்த்தலுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் இரண்டு விதமான எண்கள் இருக்கும். ஒன்று, யோசிக்காமல் சில நொடிகளில் ஆடியது. மற்றொன்று, இருபது நிமிடம் யோசித்துக் குழம்பி, கடைசியில் முதலில் தோன்றியதையே விட்டுவிட்டு வேறெதையோ ஆடியது. இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. இஞ்சினுக்கு இரண்டுமே ஒரே சிவப்பு அடையாளம். தவறு எங்கே என்பது வேறு, ஏன் என்பது வேறு. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களுக்கு இது புதிதல்ல. சங்கத்தில் புடவையை விரித்துச் சரிபார்ப்பவர், உடலும் கரையும் சேரும் கோர்வையில் ஓரிடத்தில் பிசகு என்று விரல் வைப்பார். அவர் சொல்வது சரியாகவே இருக்கும். மறுபக்கம் நாடா போட்டவரின் கவனம் தவறியதா, பாவு தளர்ந்ததா, அன்றைக்கு வெளிச்சம் போதவில்லையா என்பது தறியில் உட்கார்ந்தவருக்கே தெரியும். அவரும் மறந்துபோவதற்குள் யோசித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இது பொருந்தும். 2022-இல் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட், 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மாமல்லபுரத்தில் நடந்தது. இந்தியாவின் இரண்டாவது அணியில் முதல் பலகையில் ஆடிய குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை ஜெயித்திருந்தார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராகவும் அனுகூலமான நிலை. நேர நெருக்கடியில் ஒரு குதிரையின் இரட்டைத் தாக்குதலைக் கவனிக்காமல் தோற்றார். உஸ்பெகிஸ்தான் தங்கம் வாங்கியது, அந்த இந்திய அணி வெண்கலம் வாங்கியது. அந்த நகர்த்தலை எந்தச் செல்பேசியும் கண்டுபிடித்துச் சொல்லும். வயது பதினாறு, எட்டு வெற்றிகளின் வேகம், டிராவுக்கு ஒத்துக்கொள்ள மனம் வராத நிலை, கடிகாரம் என்று பின்னால் இருந்த எதையும் அது சொல்லாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. இஞ்சின் 'சமம்' என்று சொல்லும் இடத்தில் மனிதருக்குச் சமம் இல்லாமல் போவது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டியின் 14-ஆவது, கடைசி வழக்கமான ஆட்டம். குகேஷுக்கும் டிங் லிரெனுக்கும் ஆளுக்கு 6.5 புள்ளிகள். டிங் வெள்ளை. யானை, பிஷப், சில சிப்பாய்கள் மட்டும் மீந்த இறுதிக்கட்டத்தில் குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். சிப்பாய்கள் எல்லாம் ஒரே பக்கம். இஞ்சின்கள் டிரா என்றே காட்டிக்கொண்டிருந்தன, வர்ணனையாளர்களும் மறுநாள் நடக்க வேண்டிய விரைவு ஆட்டங்களைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஆனாலும் பலகையில் ஒருவர் ஆபத்தே இல்லாமல் தொடர்ந்து அழுத்தலாம். மற்றவர் ஒவ்வொரு நகர்த்தலிலும் சரியாகக் காக்க வேண்டும். 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். குகேஷ் யானைகளை மாற்றிவிட்டுப் பிஷப்பை டி5-இல் வைத்தார். ஏ8 மூலையில் இருந்த டிங்கின் பிஷப்புக்கு விலகிப் போக இடமில்லை. பிஷப்புகளும் மாறின, மிஞ்சியது ராஜா–சிப்பாய் ஆட்டம், வெள்ளைக்குத் தோல்வி. எஃப்2 வந்தபோது தானும் உடனே அதைப் பிடிக்கவில்லை, வேறொரு நகர்த்தலை ஆடவிருந்ததாகக் குகேஷ் பிறகு சொன்னார். இந்த ஆட்டத்தை இஞ்சினைத் திறந்து வைத்துப் பார்க்கும் பையன் கற்பது ஒரே செய்தி: ஐம்பத்து நான்கு வரை 0.00, ஐம்பத்தைந்தில் பிளண்டர். இஞ்சினை மூடிவைத்து, கறுப்பின் பக்கம் உட்கார்ந்து, 'இந்த நிலையில் நான் டிரா கேட்டிருப்பேனா?' என்று யோசிப்பவனுக்குக் கிடைப்பது வேறு. குகேஷை உலக சாம்பியனாக்கியது அந்த 0.00-ஐ நம்பாமல் விளையாடிக்கொண்டே இருந்தது.

குகேஷ் வளர்ந்த விதமும் இந்த வாதத்துக்குச் சாட்சி சொல்ல வரும். 2017-இல் அவருக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய சென்னை கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, ரேட்டிங் 2500-ஐ எட்டும் வரை பையனை இஞ்சின் பக்கமே விடவில்லை. 2019 ஜனவரியில், பன்னிரண்டரை வயதில் குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதற்குமுன் தன் ஆட்டங்களையும் பிறர் ஆட்டங்களையும் தன் தலையைக் கொண்டும் கோச்சின் தலையைக் கொண்டுமே ஆராய்ந்தார். இதை நிரூபணம் என்று நான் சொல்லமாட்டேன். தனிமரம் தோப்பாகாது. இஞ்சினோடு வளர்ந்து கிராண்ட்மாஸ்டர் ஆனவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள், குகேஷ் வேறு வழியில் வளர்ந்திருந்தாலும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கக்கூடும். இதிலிருந்து கிடைப்பது அடக்கமான ஒரு முடிவு: இஞ்சின் இல்லாவிட்டால் குழந்தை பின்தங்கிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. அதுவே எங்கள் தொழிலில் பெரிய ஆறுதல், பெற்றோர்களிடம் நாங்கள் தினமும் மல்லுக்கட்டுவது இந்தப் பயத்தோடுதான். இஞ்சின் இல்லாத காலத்திலேயே இந்த முறையை வற்புறுத்தியவர் 1948-இல் உலக சாம்பியன் ஆன போட்வின்னிக். சொந்த ஆட்டத்தை ஆராய்ந்து எழுது, எழுதியதை வெளியிடு, பிறர் உன் தப்பைப் பிடிக்கட்டும் என்பது அவர் கட்சி. அவரே மின்பொறியாளர். பிற்காலத்தில் பல ஆண்டுகளைச் செலவிட்டு, மனிதரைப் போல் தேர்ந்தெடுத்து யோசிக்கும் ஒரு செஸ் நிரலை எழுதப் பார்த்தார். அது கைகூடவில்லை. ஜெயித்தது எண்ணி எண்ணிப் பார்க்கும் முறை. 1997 மே மாதம் காஸ்பரோவை வென்ற டீப் ப்ளூ கணினி அந்த வகை.

இங்கே நியாயமான ஓர் எதிர்வாதம் வரும், அதை இந்த ஊரில் இருந்துகொண்டு லேசாகத் தள்ள முடியாது. 1972-இல் மானுவல் ஆரோன் சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் தால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். ரஷ்யப் புத்தகங்களும் எதிராளிகளும் அங்கே கிடைத்தார்கள், ஆனந்த் அங்கேதான் ஆடிப் பழகினார். காஞ்சிபுரத்தில் தறி ஓட்டும் வீட்டுப் பையனுக்கு அந்த வாசல் தூரம். பஸ் செலவு, பள்ளிக்கூடம், தறியில் அவன் உதவி, எல்லாம் குறுக்கே நின்றிருக்கும். இன்று அதே வீட்டில் உள்ள ஒரு செல்பேசியில் உலக சாம்பியனை விடப் பலமான ஆட்டக்காரன் காசில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். ஸ்டாக்ஃபிஷும் இலவசம், லிச்செஸ்ஸும் இலவசம். கிராண்ட்மாஸ்டரிடம் ஒரு மணி நேர வகுப்புக்கு ஆகும் தொகை பல வீடுகளில் சில நாள் கூலி. அப்படியிருக்க, 'இஞ்சினை மூடு' என்பது வசதியுள்ளவர்களின் உபதேசம் இல்லையா? இதில் பாதி உண்மை. இஞ்சின் வந்ததால் சென்னைக்கும் சின்ன ஊர்களுக்கும் இருந்த இடைவெளி குறைந்தது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நான் கேட்பது இஞ்சினைக் கைவிடச் சொல்லி அல்ல, வரிசையை மாற்றச் சொல்லி. அந்த மாற்றத்துக்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகம். கோச் இல்லாத பிள்ளைக்குத்தான் இந்த வரிசை இன்னும் அவசியம். கோச் பக்கத்தில் இருந்தால் 'அங்கே என்ன நினைச்சே?' என்று அவர் கேட்பார். அவர் இல்லாத இடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை, இஞ்சின் ஒருநாளும் கேட்காது.

அடுத்த எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. 1400 ரேட்டிங் பையன் தன் ஆட்டத்தைத் தானே ஆராய்ந்தால் தப்பும் தவறுமாகத்தானே ஆராய்வான், தப்பான முடிவை மனதில் ஊன்றிக்கொள்வதைவிட முதலிலேயே சரியானதைப் பார்ப்பது மேல் அல்லவா? அவன் ஆய்வு தப்பாகவே இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தப்பு தாளில் இருந்தால்தான் இஞ்சின் அதைத் திருத்த முடியும். 'இங்கே எனக்கு நல்ல நிலை என்று நினைத்தேன், காரணம் அவன் ராஜா திறந்து கிடந்தது' என்று பையன் எழுதியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இஞ்சின் -1.2 காட்டுகிறது. இப்போது இரண்டும் மோதுகின்றன. அந்த மோதலில் இறங்கி, தான் நினைத்த தாக்குதலை இஞ்சினுக்கு எதிராக ஆடிப் பார்த்தால், கறுப்பு எந்த நகர்த்தலில் தப்பித்துப் போகிறது என்பது பலகையில் தெரியும். ராஜா திறந்து கிடந்தால் மட்டும் போதாது, தாக்க நம் காய்கள் அருகில் இருக்க வேண்டும் என்று அவனே கண்டுகொள்வான். எழுதாமல் நேராகப் பார்த்தவனும் அதே -1.2-ஐப் பார்க்கிறான். 'ஓ, மோசமா இருந்திருக்கு' என்று போய்விடுகிறான். போதாக்குறைக்கு, அப்போதே தனக்கும் தெரிந்திருந்ததாக ஒரு நினைப்பும் வந்துவிடுகிறது. விடை தெரிந்த பிறகு கேள்வி எவ்வளவு கடினமாயிருந்தது என்பதை மனம் மறைத்துவிடும். பெரியவர்களும் இதில் விழுகிறார்கள்.

உச்சத்தில் இருப்பவர்கள் எல்லோரும் இஞ்சினோடுதானே வேலை செய்கிறார்கள் என்பது மூன்றாவது. செய்கிறார்கள். 1980-களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் பிறந்த செஸ்பேஸ் தரவுத்தளத்தை ஆனந்தின் தலைமுறை கையில் எடுத்தது, இன்றைய தலைமுறை பெரிய சர்வர்களில் இஞ்சினை ஓடவிடுகிறது. ஆனால் அந்த நேரத்தில் பெரும்பங்கு போவது தொடக்க நகர்த்தல்களைத் தயாரிப்பதில். எதிராளி நாளை என்ன ஆடுவான், அதில் எங்கே புதிதாக ஒன்றை வைக்கலாம் என்ற தேடல் அது. சொந்த ஆட்டத்தை ஆராய்வது வேறு வேலை. தவிர, 2700 ரேட்டிங் உள்ளவர் இஞ்சின் காட்டும் வரியைப் பார்த்தவுடன் அதன் காரணம் அவருக்கு விளங்கிவிடும். நம் பிள்ளைக்கு அது விளங்காது. பிரக்ஞானந்தாவையும் வைஷாலியையும் வளர்த்த ஆர்.பி. ரமேஷ் 2022-இல் எழுதிய புத்தகம் கணக்கிடும் திறனைப் பற்றியது. காயைத் தொடாமல் மனதுக்குள் நகர்த்திப் பார்ப்பதைப் பற்றி. அந்தத் திறன் இருப்பவருக்கே இஞ்சின் வேலைக்காரன். மற்றவர்களுக்கு முதலாளி.

வரிசை என்று சொன்னது சிக்கலான ஏற்பாடு எதுவும் இல்லை. ஆட்டம் முடிந்த அன்றே, முடிந்தால் எதிராளியோடு உட்கார்ந்து பேசுவது. அவன் எதைக் கண்டு பயந்தான் என்பது எந்த மென்பொருளிலும் கிடைக்காது. பிறகு தாளைப் பார்த்து மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து, என்ன நினைத்தோம், எதை ஒதுக்கினோம், எவ்வளவு நேரம் எடுத்தோம் என்று எழுதுவது. எல்லா நகர்த்தலுக்கும் எழுதச் சொன்னால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இரண்டாம் நாளே நிறுத்திவிடும், மூன்று போதும். அதன்பின் இஞ்சின். அதிலும் முதலில் எண்ணை மறைத்துவிட்டு, நாம் யோசித்த நகர்த்தலை ஆடிப் பார்ப்பது. மறைக்கும் வசதி பல செயலிகளில் இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் இந்த வரிசையை நானே தளர்த்துவேன். பலகையில் ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்களோ அதற்குக் குறைவோ மீந்துவிட்டால், எல்லா நிலைகளுக்கும் விடை ஏற்கனவே கணக்கிட்டுச் சேமிக்கப்பட்டிருக்கிறது. டேபிள்பேஸ் என்ற அந்தக் களஞ்சியம் சொல்வது மதிப்பீடு அல்ல, ஜெயமா தோல்வியா டிராவா என்ற தீர்ப்பு. அங்கே தாராளமாக முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம். கேட்ட பிறகு செல்பேசியில் அதே நிலையை அமைத்து, ஜெயிக்கும் பக்கத்தைப் பிள்ளையிடமும் தோற்கும் பக்கத்தை இஞ்சினிடமும் கொடுக்க வேண்டும். யானை–சிப்பாய் இறுதிக்கட்டங்களில் தீர்ப்பு 'ஜெயம்' என்றிருக்க, பிள்ளை பதினைந்தாவது நகர்த்தலுக்குள் அதை டிராவாக்கிவிடும். அப்போது நோட்டுப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லலாம்.